ஐந்தாவது படி

1

ஜூன் பதினாறாம் திகதி அயர்லாந்தின் தலைநகரமான டப்ளினில் சிலர் தடித்த நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பார்களாம். எழுநூறு பக்கத்துக்குக் கிட்டிய அந்த நாவல் முழுவதும் அந்த ஒரு நாளில், அந்த ஒரு நகரத்தில் நடப்பது. ஒரு மனிதர் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளியே போகிறார். கடைக்குப் போகிறார், செத்தவீட்டுக்குப் போகிறார், கடற்கரைக்குப் போகிறார், கடைசியில் வீட்டுக்குத் திரும்புகிறார். கதை அவ்வளவுதான்.

எழுதியவரின் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஊரில் இருக்கும் நீங்கள், "பெரிய படிப்புக்காரி வந்திட்டா" என்பீர்கள். உண்மையில் அந்தப் புத்தகத்தை மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் பாதிக்கு முன்னரே நின்றுபோனவள் நான். எனக்கு அவருடைய வாழ்க்கைதான் நன்றாகத் தெரியும்.

இந்த வருடம், எண்பத்தாறின் அதே ஜூன் பதினாறில், அரபு நாட்டு நகரமான மனாமாவில் என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் நான் நின்றேன். கைப்பைக்குள் ஒரு படிவம் இருந்தது. "வீட்டில் பிள்ளையுடன் ஆங்கிலம் மட்டுமே பேசுவோம்" என்று பெற்றோர் உறுதி கூறும் படிவம். அபிக்கு ஆறு வயது. கையெழுத்து வைத்தால் செப்டெம்பரில் முதலாம் வகுப்பு. வைக்காவிட்டால் இடமில்லை. இங்கே மற்றப் பள்ளிக்கூடங்களில் காத்திருப்போர் பட்டியலே இரண்டு வருடத்துக்கு நீளும். பள்ளிக்கூடம் கிடைக்காத பிள்ளைகளைத் தாயோடு ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் எங்களைப் போன்றவர்களின் வழக்கம். எங்கள் ஊர் யாழ்ப்பாணம். அங்கே இப்போது எந்த நேரம் எங்கே ஷெல் விழும் என்று சொல்லமுடியாது.

இதைவிட எளிமையாக ஒரு தாய்க்குக் கணக்குப் போட்டுக் காட்டமுடியாது. ஒரு கையெழுத்து. அதை நான் வைக்கவில்லை.

2

அதற்கு முன்னர் நான் கீழ்ப்படிந்தவள்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

மார்ச் மாதத்தில் அபியின் வகுப்பாசிரியை மிஸ் மோரீன் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். அபி வகுப்பில் வாயே திறப்பதில்லை, தண்ணீர் வேண்டும் என்றாலும் போத்தலைக் காட்டுகிறாள், வீட்டில் பேசும் மொழிதான் அவளைக் குழப்புகிறது என்றார். "சில மாதங்களுக்கு அதை விட்டுப் பாருங்கள்" என்றார். பாதணியை மாற்றச் சொல்வதுபோல அவ்வளவு இலேசாகச் சொன்னார்.

நான் ஆங்கிலம் சிறப்புப் பாடமாகப் படித்தவள். ஆசிரியர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள். அன்று மாலையே தொடங்கினேன். சோறு ஊட்டும்போது ஆங்கிலம், தலை வாரும்போது ஆங்கிலம். மனாமாவின் குதைபியாப் பகுதியில் எங்கள் இரண்டறை வீட்டில் ஜன்னல் ஏசியின் இரைச்சலுக்கு மேலாக, பாடப்புத்தகம் வாசிப்பதுபோலப் பேசிக்கொண்டு திரிந்தேன். அவள் விழுந்து முழங்கால் உரசியபோது "ஐயோ குஞ்சு" என்று வந்த சொல்லை விழுங்கிவிட்டு ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்தி, வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

இரண்டாவது கிழமை அவளுடைய பேச்சுக் குறைந்தது. நான்காவது கிழமை வீட்டிலும் போத்தலைக் காட்டத் தொடங்கினாள். ஐந்தாவது கிழமை இவர், அபியின் அப்பா, வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியபடி கேட்டார்: "என்னப்பா, வீடு ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு?"

நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனாலும் நிறுத்தலாமா என்று முடிவெடுக்கத் தெரியவில்லை. பிள்ளையின் எதிர்காலத்தை என் பிடிவாதத்தால் கெடுத்துவிட்டால்? எல்லாவற்றையும் இரண்டு தரம் யோசிக்கிற என் குணம் உங்களுக்குத் தெரியும்.

3

அந்த நேரத்தில்தான் சின்னம்மாவின் கசெற் வந்தது.

இங்கே எங்களுக்குக் கடிதத்தைவிடப் பேசிப் பதிந்து அனுப்பும் கசெற்றே வசதி. லீவில் போகிறவர்கள் கொண்டுபோவார்கள், வருகிறவர்கள் கொண்டுவருவார்கள். கீழே கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் வெறுங் கசெற்றுகளைப் பத்துப் பத்தாகக் கட்டி விற்பார். எல்லாம் ஒரே நிறம், ஒரே உறை. நான் முதன்முதலாக வாங்கிய அன்றே சொல்லித்தந்தார்: "ஊருக்குப் போறதுல ஒரு செவப்பு நூலைக் கட்டிருங்க தங்கச்சி. இல்லாட்டி இந்திப் பாட்டு ஊருக்குப் போயிரும், நீங்க அழுதது இங்கேயே கெடக்கும்." குதைபியாவில் பலர் வீட்டில் இந்தச் சிவப்பு நூல் பழக்கம் உண்டு.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. மாவட்ட அலுவலகமான கச்சேரியில் சுருக்கெழுத்தாளர். கல்யாணம் கட்டவில்லை, சைக்கிளை விடவில்லை. கசெற்றில் என்னைப் பேசித் தள்ளியிருந்தார்.

"எடியே, போன முறை அனுப்பினதில உன்ர மோள் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. பிள்ளைக்கு வாயில்லையோ, இல்லாட்டி உன்ர மெசினுக்குக் காதில்லையோ? பொறு, பொறு, மினிபஸ் ஒண்டு வருது, விலத்தி நிக்கிறன்..."

அபி சிரித்தாள். ஐந்து கிழமைக்குப் பிறகு அந்தச் சத்தம். பிறகு கேட்டாள்: "அம்மா, சின்னம்மம்மா எங்க நிண்டு கதைக்கிறா?"

நான் யோசிக்கவில்லை. தமிழில் சொன்னேன். "கஸ்தூரியார் வீதியில, குஞ்சு. வேலையால வாற வழி."

"அந்த வீதி எங்க இருக்கு?"

இவர் கட்டடக் கம்பனி ஒன்றில் படம் வரைபவர். பிழையாகிப்போன பெரிய வரைபட நீலப் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் ஒன்றைத் திருப்பித் தரையில் விரித்து ஒரு கோடு கீறினேன். அதுதான் கஸ்தூரியார் வீதி. அதற்குக் குறுக்கே ஆஸ்பத்திரி வீதி. அங்கால பஸ் நிலையம், சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம். அபி தன் இரண்டு விரல்களை ஆளாக்கி நடக்கவிட்டாள். விரல்கள் நடந்த இடமெல்லாம் அவள் கேட்டாள், நான் சொன்னேன். சொல்லத் தெரியாத இடம் வந்தபோது திடுக்கிட்டுப் போனேன். நான் மூன்று வருடம் ஒவ்வொரு கிழமையும் நின்ற புத்தகக்கடை அது. அந்தத் தடித்த நாவலின் பழைய பிரதியை வாங்கியதும் அங்கேதான். வாய்க்காலைத் தாண்டிப் படி ஏறவேண்டும். எத்தனை படி? நாலா, ஐந்தா? நினைவில்லை.

அந்த நாவலை எழுதிய அயர்லாந்துக்காரருக்கும் இதுதான் நடந்தது. இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டுப்போனவர். பிற நாட்டுத் துறைமுக நகரம் ஒன்றில் வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிறகு போர் வந்து வேறு நாடு, பிறகு இன்னொரு நாடு. கண்ணில் திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை. புத்தகம் முடியுமுன்னரே வழக்கு, தடை. அதன் பக்கங்கள் வந்த இதழ்களைத் தபால் திணைக்களமே எரித்தது. கடைசியில் பாரிசில் புத்தகக்கடை வைத்திருந்த ஒரு பெண் துணிந்து அச்சிட்டாள். இவ்வளவு அலைச்சலிலும் அவர் எழுதியது தன் ஊரை மட்டுந்தான். ஊரின் தெருவிபரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுதினார். அது போதாத இடத்தில், தாய்மாமனின் மனைவிக்கு, நம் முறைப்படி மாமிக்கு, கடிதம் போட்டுக் கேட்டார்: அந்தக் கோயிலுக்குப் பின்னால் மரங்கள் உண்டா? கடற்கரைக்கு இறங்கப் படிகள் உண்டா? இன்ன வீட்டு வேலிக் கம்பியைச் சாதாரண ஆள் ஒருவர் ஏறிக் குதித்தால் காயப்படாமல் இறங்கலாமா?

அந்த மாமி என்ன நினைத்திருப்பா? எனக்கும் ஒரு சின்னம்மா இருக்கிறா அல்லவா. கேட்டேன். கசெற்றில் ஒன்றின்பின் ஒன்றாகப் பதினொரு கேள்விகள். கடைசிக் கேள்வி புத்தகக்கடைப் படி.

4

வகுப்பில் அபி பேசவில்லை. ஆனால் வீட்டில் தமிழ் ஆறாக ஓடியது. மே மாதக் கடைசியில் மிஸ் மோரீன் இரண்டு விடயம் அனுப்பினார். ஒன்று அந்தப் படிவம். மற்றது ஒரு குறிப்பு: அபி வீட்டில் ஆங்கிலப் பாடம் வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்பவும்.

இவர் படிவத்தை வாசித்துவிட்டுப் பேனையை நீட்டினார்.

"கையெழுத்தைப் போட்டுக் குடுத்துவிடும். வீட்டுக்குள்ள என்ன கதைக்கிறமெண்டு ஆர் வந்து பாக்கப்போகினம்?"

"அது பொய்யெல்லே?"

"இஞ்ச எல்லாரும் வாசிச்சுப் போட்டோ கையெழுத்து வைக்கினம்? என்ர வேலைக் கொந்திறாத்து அரபியில கிடக்கு. அதுக்கும் வைச்சனான்தானே."

"உங்களுக்கு விளங்காததுக்கு வைச்சனீங்கள். எனக்கு இது விளங்குது."

"நீர் உதில வீரம் காட்டி, ரெண்டு பேரும் ஊருக்குப் போகவேண்டி வந்தா?" இவருடைய குரல் தாழ்ந்தது. "அங்க நான் என்னண்டு உங்களை விடுறது?"

இவர் கோழை அல்ல. பயந்தவர். நானும் பயந்தவள்தான்.

ஆதரவுக்கு அந்த நாவலாசிரியரிடமே போனேன். இங்கே ஆங்கில நூலகத்தில் எடுத்த அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் புரட்டினேன். அவர் தன் பிள்ளைகளோடு வீட்டில் பேசியது என்ன மொழி தெரியுமா? தன் ஊர் மொழி அல்ல. அந்தத் துறைமுக நகரத்து இத்தாலியன். கடைசிவரை அப்படித்தான். வாழ்நாள் முழுதும் ஊரின் ஒவ்வொரு கல்லையும் எழுதியவரின் மகனும் மகளும் தகப்பனோடு பேசியது கடைவீதி இத்தாலியன்.

புத்தகத்தை மூடிவைத்தேன். கோபம் வந்தது. நீங்கள் மேதை, உங்களுக்கு எழுதி வைக்க ஒரு நாவல் இருந்தது. எனக்கு இருப்பது இந்தத் தரையும் ஒரு நீலப் பிரதியும் ஒரு பிள்ளையும். உங்களைப் பின்பற்ற எனக்கு வசதி இல்லை. அப்படி நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் நான் யாரோடும் அப்படிச் சண்டை பிடித்தவள் இல்லை.

பாடத்தைப் பதிவு செய்தேன். பாயில் இருந்த பூனையைப் பற்றி அபி முணுமுணுத்தாள். நான்கு நிமிடம், அதில் மூன்று நிமிடம் நான் கெஞ்சியது. அதே மாலை ஊருக்கு ஒரு கசெற், அபி விரலால் நகரத்தைச் சுற்றியபடி பேசியது. அதற்குச் சிவப்பு நூல் கட்டினேன். காலையில் நூல் இருந்த கசெற்றை லீவில் போகிற இவருடைய கூட்டாளியிடமும், நூல் இல்லாததைப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அழைப்பு வந்தது. பதினாறாம் திகதி, பதினொரு மணி. படிவத்தோடு வரவும்.

5

மிஸ் மோரீனின் மேசையில் ரேப் ரெக்கோடர் இருந்தது. பொத்தானை அமத்தினார்.

"இப்ப நாங்கள் பஸ் ஸ்ராண்டடியில நிக்கிறம்," என்றது என் மகளின் குரல். "சைக்கிள்காரரே, விலத்துங்கோ! நான் பிள்ளையோட வாறன். இஞ்சால மாம்பழம். அம்மா, மாம்பழம் எந்தப் பக்கம்? சரி, இந்தப் பக்கம். அங்கால போகக்கூடாது, கோட்டைக்குள்ள ஆமி..."

என் காது சூடானது. கசெற் மாறிவிட்டது. நான் நூல் கட்டியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கட்டியும் எப்படி மாறியது?

"இருபத்திரண்டு நிமிடம்," என்றார் மிஸ் மோரீன். "கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். இந்தப் பிள்ளை என் வகுப்பில் ஒன்பது மாதத்தில் மொத்தமாக இவ்வளவு பேசவில்லை. இப்போது விளங்குகிறதா? எல்லாப் பேச்சையும் வீட்டிலேயே செலவழித்துவிடுகிறாள். எனக்கு மிச்சம் இல்லை. மார்ச்சில் உங்களிடம் என்ன சொன்னேன்?"

"சொறி மிஸ்" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்தொன்பது வருடப் பழக்கம். நான் கைப்பையைத் திறந்தேன். படிவத்தை மேசையில் வைத்தேன்.

"நீங்கள் சொன்னபடி ஐந்து கிழமை செய்தேன்," என்றேன். என் ஆங்கிலம் நடுங்கியது. அது தெரிந்தும் நிறுத்தவில்லை. "அந்த ஐந்து கிழமையும் இந்தப் பிள்ளை வீட்டிலும் ஊமையாக இருந்தாள். உங்களுக்கு மிச்சம் எதுவும் வரவில்லை. எனக்கு இருந்ததும் போனது. பேச்சு செலவழிந்து தீருகிற சாமான் இல்லை, மிஸ். நான் இதில் கையெழுத்து வைக்கமாட்டேன். வைத்துவிட்டுப் பொய் சொல்லவும் மாட்டேன். அது எனக்குத் தெரியாது."

"இடம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?"

"தெரியாது."

அதுதான் என் முழு வீரமும். தெரியாது என்று சொன்னது.

அவர் கசெற்றைச் சற்றுப் பின்னால் ஓட்டினார். "இங்கே ஓரிடத்தில் நின்று எண்ணுகிறாள் போல இருக்கிறது. பிறகு சிரிக்கிறாள். திரும்ப எண்ணுகிறாள். என்ன அது?"

"படிகள். எங்கள் நகரத்தில் ஒரு புத்தகக்கடைப் படி. நாலா ஐந்தா என்று எனக்கு மறந்துவிட்டது. ஊருக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் வரும்வரை ஒருநாள் நாலு, ஒருநாள் ஐந்து வைத்து ஏறுகிறாள்." பிறகு என்னையறியாமல் சொன்னேன்: "உங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இப்படிக் கடிதம் எழுதிக் கேட்டவர்." மிஸ் மோரீன் டப்ளின்காரி என்று பெற்றோர் கூட்டத்தில் கேள்விப்பட்டிருந்தேன். நாவலாசிரியரின் பெயரையும் சொன்னேன்.

மிஸ் மோரீன் முகத்தைச் சுளித்தார். "அந்த ஆளா! ஊரை விட்டு ஓடிப்போய் ஊர் மேல் சேறு எறிந்தவர். என் அப்பா அந்தப் புத்தகத்தை வாசலுக்குள்ளேயே விடமாட்டார்."

"நீங்கள் வாசிக்கவில்லையா?"

"நீங்கள் வாசித்தீர்களா?"

"பாதி. அதுவும் இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, வெயிலில் வெளுத்துக் கிடந்த விளையாட்டு மைதானத்தைப் பார்த்தார். "எங்கள் தெருக்கோடியில் ஒரு தேவாலயம்," என்றார். "தினமும் ஏறிய படி. எத்தனை என்று இப்போது கேட்டால்..."

பிறகு ஆசிரியையாக நிமிர்ந்தார். முதலாம் வகுப்பு தன் கையில் இல்லை, மேலே கேட்பார்கள், படிவம் இல்லாமல் முடியாது என்றார். பாலர் வகுப்பு தன் பொறுப்பு. அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்கச் சம்மதமென்றால் இடம் தரலாம். படிவம் தேவையில்லை. "இதற்கு மேல் என்னால் முடியாது. நான் சொன்னதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன்."

"நான் செய்வதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்," என்றேன். இரண்டு தரம் யோசிக்காமல் நான் சொன்ன முதல் வசனம் அதுவாக இருக்கவேண்டும்.

படிவத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன். அவர் கசெற்றை எடுத்துத் தந்தார். தரும்போது ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தார்.

6

வீட்டுக்கு வந்து அபியைக் கேட்டேன். "குஞ்சு, நான் கட்டின சிவப்பு நூலை நீ கழட்டினியா?"

"ஓம். பூனைக்குக் கட்டினனான்."

"எந்தப் பூனைக்கு?"

"பூனைப் பாடக் கசெற்றுக்கு. அது ஊருக்குப் போகட்டும். சின்னம்மம்மா பூனை கேக்கேல்லை. மிஸ் ஊர் பாக்கேல்லைத்தானே?"

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. தான் பேசுவதை ஆசிரியைக்கு அனுப்பிவைத்திருக்கிறாள். நான் அவளை அணைத்துக்கொண்டேன். இவர் செய்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு வருசம் பிந்துது, என்ன?" என்றார். "ஓம்" என்றேன். "சரி, இஞ்ச இருக்கிறியள்தானே," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். வெளிநாடு போயும் பிள்ளையின் ஒரு வருடத்தைப் பாழாக்கிவிட்டாள் என்பீர்கள். எழுதுங்கள். அந்த ஒரு வருடம் என் கணக்கில் நிற்கட்டும். அபி செப்டெம்பரில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே வகுப்பு வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்கு வலிக்கலாம். ஒருநாள் என்னைக் கேட்கவும் கேட்பாள். அப்போது எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்வேன். ஆனால் தமிழில் கேட்கத் தெரிந்தவளாகத்தான் இருப்பாள்.

தன் நகரம் ஒருநாள் இல்லாமற் போனாலும் தன் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று அந்த டப்ளின்காரர் பெருமை பேசியதாகச் சொல்வார்கள். அவருடைய நகரத்துக்கு அந்தத் தேவை வரவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை சின்னம்மாவின் பதில் வந்தது. மூவரும் தரையில் இருந்து கேட்டோம்.

"எடியே, உனக்கென்ன விசரே? ஒரு கசெற்றில பதினொரு கேள்வி. மற்றதில உன்ர மோள் இங்கிலீசில பூனை, பூனை எண்டு பத்துத் தரம் சொல்லுது. கடைசிவரைக்கும் அந்தப் பூனைக்கு என்ன நடந்ததெண்டு சொல்லேல்லை. இஞ்ச சனம் பங்கருக்கும் வீட்டுக்குமா ஓடித்திரியுது, இவ கேக்கிறா புத்தகக்கடைக்கு எத்தினை படியெண்டு! நான் போகமாட்டனெண்டுதான் இருந்தனான்."

இடையில் சைக்கிள் மணி ஒன்று கேட்டது. பிறகு சின்னம்மாவின் குரல் மெதுவாக வந்தது.

"நேற்றுப் போனனான். கடை பூட்டிக் கிடக்கு. முன்பக்கம் ஷெல் விழுந்திட்டுது. படி இப்ப நாலுதான் இருக்கு, கீழ்ப்படி சிதறிப்போச்சு. நாலெண்டு கீறிப்போடாத, சொல்லிப்போட்டன். அது அஞ்சு படி. அஞ்செண்டே கீறு."

நீலப் பிரதியில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் இடம் போதவில்லை. கைப்பையில் இருந்த படிவத்தை எடுத்தேன். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை வரைபடத்தின் ஓரத்தில் ஒட்டிக் கொடுத்தேன். அபி நாக்கை உதட்டுக்கு வெளியே நீட்டியபடி, மேலிருந்து ஒவ்வொன்றாகப் படிகளைக் கீறினாள். நாலாவதைக் கீறிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கீறு," என்றேன்.